குள்ளர் நாட்டைக் கீழ்நோக்கி வரையுங்கள்

தம்பி, டர்பன் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்காகக் குள்ளர்கள் வாழும் ஒரு நாட்டைக் கற்பனை செய்து கதை எழுதுவதாகச் சொல்லியிருந்தீர்கள். வடக்கே பனிமலை, தெற்கே எரிமலை, கிழக்கே காடு, மேற்கே பாலை என்று நான்கு வட்டாரம் பிரித்தாயிற்று. ஆனால் எந்த வட்டாரத்துக்குப் போனாலும் அதே தாடி, அதே சுத்தியல், அதே தங்கக் குவியல். ஒருவருக்கும் முகம் வரவில்லை, என்ன செய்யலாம் அண்ணா என்று கேட்டிருந்தீர்கள். கதையை எந்த ஊரில் தொடங்குவது என்பது உங்கள் இரண்டாவது கேள்வி.

எனக்குக் கதை எழுதிப் பழக்கமில்லை. தரைக்கு அடியில் மனிதர் இருப்பது எப்படி என்று மட்டும் தெரியும். பிறந்தது கோலார் தங்கவயலில். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நான் பத்தொன்பது வருடமாக ஜோஹானஸ்பர்க்குக்கு மேற்கே, கார்ல்டன்வில் பக்கத்துத் தங்கச் சுரங்கங்களில் காற்றோட்டப் பிரிவில் இருக்கிறேன். கீழே இருப்பவர்களுக்கு மூச்சுக்குக் காற்றும், உடம்பு தாங்குகிற அளவுக்குக் குளிர்ச்சியும் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. உங்கள் கேள்வியைப் படித்த நாளிலிருந்து கேஜில், அதாவது ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டில், இறங்கும்போதெல்லாம் அதே நினைப்பு. அதனால் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் படத்தில் நான் பார்த்த குறை ஒன்றுதான். பறவை பார்ப்பதுபோல மேலிருந்து பார்த்து வரைந்திருக்கிறீர்கள். மண்ணுக்குள் வாழ்கிறவர்களுக்கு வடக்கு தெற்கு பெரிய விஷயமே இல்லை. எங்கள் சர்வேயர்கள் சுரங்கத்துக்கு இரண்டு படம் வைத்திருப்பார்கள்: ஒன்று மேலிருந்து பார்த்தது, இன்னொன்று பூமியைக் கேக் மாதிரி வெட்டிப் பக்கவாட்டில் பார்த்தது. புதிதாக வருகிறவனுக்கு நாங்கள் முதலில் காட்டுவது அந்த இரண்டாவது படத்தை. உங்கள் நாட்டின் வட்டாரங்களும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இருக்க வேண்டாம். ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக அடுக்குங்கள். அப்படி அடுக்கியதும் முகங்கள் தாமாக வரும், ஏனென்றால் ஒவ்வோர் அடுக்கிலும் கல் வேறு, காற்று வேறு, சூடு வேறு, பயம் வேறு.

இதற்கு வெளிநாட்டு உத்தி எதுவும் தேவையில்லை. நம்மிடம் திணை இருக்கிறது. முதற்பொருள் என்று தொல்காப்பியம் சொல்வது நிலமும் பொழுதும். அதிலிருந்து கருப்பொருள் வரும்: தெய்வம், உணவு, மரம், பறை, தொழில். அதன் பிறகு உரிப்பொருள், அதாவது அந்த மண்ணில் வாழ்கிறவர் நெஞ்சில் ஊறிக்கிடக்கும் உணர்ச்சி. குறிஞ்சிக்காரனையும் நெய்தல்காரனையும் யாராவது குழப்பிக்கொள்வார்களா? உங்கள் குள்ளர்களுக்கும் இதே வரிசையில் கேளுங்கள். இவர்கள் எந்தக் கல்லில் இருக்கிறார்கள், அந்தக் கல் இவர்களை என்ன செய்ய வைக்கிறது, அதனால் இவர்கள் மனசு என்ன ஆனது.

நான் இங்கே தினமும் இறங்குகிற மண்ணை வைத்தே ஐந்து நிலம் சொல்கிறேன். பெயர்கள் நான் வைத்தவை, பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளுங்கள்.

மேலே இருப்பது மேட்டகம். குள்ளர் நாடு என்றாலே குடைந்த மலையைத்தான் வரைகிறார்கள். குடைந்தெடுத்த கல் எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. ஒரு டன் பாறையை இடித்து அரைத்தால் கிடைக்கும் தங்கம் சில கிராம், நல்ல பாறையாக இருந்தால் பத்து கிராம். மிச்சமெல்லாம் மேடு. ஜோஹானஸ்பர்க்கில் ஊருக்கு நடுவே மஞ்சள் நிறத்தில் தட்டை மலைகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆகஸ்ட் காற்றில் அந்தத் தூள் சுற்றுப்பட்ட வீடுகளின் சன்னல் இடுக்கெல்லாம் நிரம்பும். எங்கள் தங்கவயலிலும் அதே சைனைடு மேடுகள். நாங்கள் சறுக்கி விளையாடிய இடம். ஆக உங்கள் நாட்டை நெருங்குகிறவன் முதலில் காண்பது அரண்மனை வாசலை இல்லை, மேடுகளை. அங்கே வாழும் குள்ளர்கள் வெயிலைக் கண்டவர்கள், அயலாரோடு பேசுகிறவர்கள், மரம் வளர்க்கிறவர்கள். மரம் எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். இந்த நிலத்தின் உரிப்பொருள் காத்திருத்தல். சங்கு ஊதியதும் யார் மேலே வருகிறார்கள், யார் வரவில்லை என்று வாசலில் நின்று எண்ணுகிறவர்கள் இவர்கள். என் அம்மா அப்படித்தான் நின்றார்.

அதற்குக் கீழே ஊற்றகம். கார்ல்டன்வில் பக்கம் மேலடுக்கு முழுக்க டோலமைட் பாறை. அது தண்ணீரில் மெல்லக் கரையும். கரைந்த இடமெல்லாம் குகை, குகையெல்லாம் தண்ணீர். சுரங்கம் நனையாமல் இருக்க அந்தத் தண்ணீரை இறைத்தார்கள். தண்ணீர் தாங்கிக்கொண்டிருந்த கூரை தாங்க ஆளில்லாமல் போயிற்று. 1962 டிசம்பரில் ஒரு சுரங்கத்தின் கல் உடைக்கும் ஆலை அப்படியே பூமிக்குள் இறங்கியது. 29 பேர் போனார்கள். இப்படிப்பட்ட நிலத்தில் வாழ்கிற குள்ளன் எப்படிப் பேசுவான்? சத்தமாகப் பேசமாட்டான். காலால் தட்டிப் பார்க்காமல் அடி வைக்கமாட்டான். வீட்டில் குழந்தை பிறந்தால் முதலில் நீர்மட்டம் எவ்வளவு என்று கேட்டு அதையும் சேர்த்து எழுதி வைப்பான். தண்ணீரை இறைக்க வேண்டும் என்கிற கீழ்நிலத்தாருக்கும் இறைக்கக் கூடாது என்கிற ஊற்றகத்தாருக்கும் நூறு வருடப் பகை இருக்கும். நீங்கள் நாலு திசைக்கும் போர் எழுதி வைத்திருக்கிறீர்களே, அதைவிட இது நிஜமான சண்டை. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

ஊற்றகத்துக்காக இன்னொன்று. ஜோஹானஸ்பர்க்கிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ரைசிங் ஸ்டார் என்ற குகையில் 2013இல் எலும்புகள் கிடைத்தன. ஹோமோ நலேடி என்று 2015இல் பெயர் வைத்தார்கள். நலேடி என்றால் சோத்தோ மொழியில் நட்சத்திரம். ஏறக்குறைய ஒன்றரை மீட்டருக்கும் குறைந்த உயரம், சின்னத் தலை, நம்முடையதைப் போன்ற கால். ஏறக்குறைய 2.4 முதல் 3.4 லட்சம் வருடத்துக்கு முன் வாழ்ந்தவர்கள். அந்த அறைக்குள் போகும் வழி ஓர் இடத்தில் ஒரு சாண் அகலம்கூடத் தேறாது. ஒல்லியான உடம்புள்ள ஆராய்ச்சியாளர்களாகத் தேடி ஆறு பெண்களை இறக்கினார்கள். இறந்தவர்களை அவர்களே அவ்வளவு உள்ளே கொண்டுபோய் வைத்தார்களா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு முடியவில்லை. அந்த விடை எதுவானாலும், நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே குட்டையான ஒரு மனித இனம் குகைக்குள் இருந்திருக்கிறது என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கண் விரியும்.

கயிற்றூர் மூன்றாவது. இதை யாரும் கதையில் எழுதி நான் பார்த்ததில்லை, அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். கேஜை இறக்குகிற எஃகுக் கயிற்றுக்கு ஓர் எல்லை உண்டு. ஆழம் கூடக்கூடக் கயிற்றின் சொந்த எடையே கயிற்றுக்குப் பாரமாகிவிடும். ஒரே கயிற்றில் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர், அதற்கு மேல் கஷ்டம். ஆகவே பூமிக்குள்ளேயே கயிற்றைச் சுற்றி இழுக்கும் இன்னொரு வைண்டர் எந்திரத்தை நிறுத்தி, அங்கிருந்து இரண்டாவது கயிறு தொடங்கும். நொடிக்குப் பதினைந்து பதினாறு மீட்டர் வேகத்தில் இறங்கிக் காது அடைத்து வந்து நின்றதும், எல்லோரும் கேஜை விட்டு இறங்கி, விளக்கொளியில் நடந்து, அடுத்த கேஜுக்கு வரிசையில் நிற்போம். அந்த நடைதான் எனக்கு ஓர் ஊரின் கடைத்தெரு மாதிரி தோன்றும். மேலே போகிறவனும் கீழே போகிறவனும் முகம் பார்த்துக்கொள்கிற ஒரே இடம் அது. உங்கள் நாட்டில் அங்கே ஊர் வளரட்டும். சத்திரம், சாப்பாட்டுக் கடை, கடிதம் மாற்றுகிறவர்கள், கயிறு முறுக்குகிற குலம். கயிற்றை வாரத்துக்கு ஒருமுறை விரலால் தடவிப் பார்த்து ஒரு நரம்பு அறுந்திருந்தாலும் சொல்லிவிடுகிற கிழவிகள். உரிப்பொருள் பிரிவு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நான்காவது கிடையகம். குள்ளர்கள் ஏன் குள்ளர்கள் என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது.

இங்கே தங்கம் கட்டியாகக் கிடப்பதில்லை. ரீஃப் என்று சொல்லும் மெல்லிய படலமாகப் பாறைக்குள் சாய்ந்து ஓடுகிறது. ஏறத்தாழ முந்நூறு கோடி வருடத்துக்கு முன் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய கூழாங்கல் படுகை அது. எங்கள் பக்கத்துக் கார்பன் லீடர் ரீஃப் பல இடங்களில் சில சென்டிமீட்டர்தான். முதல் தடவை அதை எனக்குக் காட்டியவர் விளக்கைச் சாய்த்துப் பிடித்தார். சாம்பல் நிறப் பாறையில் கறுப்புப் பென்சிலால் கோடு கிழித்ததுபோல இருந்தது. இவ்வளவுதானா என்று கேட்டேன். இவ்வளவுக்குத்தான் இந்த ஊரே என்றார். அந்தக் கோட்டுக்காக வீணாகப் பாறையை வெட்டக்கூடாது என்பதால் ஸ்டோப்பின், அதாவது ரீஃபை வெட்டியெடுக்கும் இடத்தின், உயரம் ஏறக்குறைய ஒரு மீட்டர். நிற்க முடியாது. குந்தி, முழங்காலில் ஊர்ந்து, சில இடத்தில் படுத்துக்கொண்டே வேலை. தரை சாய்வாக இருக்கும். துளைபோடுகிறவர் காலை முன்னால் ஊன்றி உட்கார்ந்து எந்திரத்தைத் தோளோடு அணைத்துப் பிடிப்பார். தலைக்கு மேல் ஒரு கை இடைவெளியில் இரண்டு மூன்று கிலோமீட்டர் கனத்தில் பாறை. என்னைப்போல் ஆறடி ஆளுக்கு இடுப்பு விட்டுப்போகும். உங்கள் மூன்றரை அடி ஆளுக்கு அது நிமிர்ந்து நடக்கிற கூடம்.

இந்த நிலத்துப் பண்பாடு முழுக்கக் கிடந்த நிலையிலிருந்து வரட்டும். இவர்களுக்கு வணக்கம் சொல்வதென்றால் எழுந்து நிற்பது இல்லை, பக்கத்தில் படுத்துக்கொள்வது. நியாயம் தீர்க்கும் சபையில் எல்லோரும் மல்லாந்து கூரையைப் பார்த்தபடி பேசுவார்கள். யார் முகமும் யாருக்கும் தெரியாததால் சொல் மட்டும்தான் எடைபோடப்படும். உயரமாகக் கட்டுவது இவர்களுக்குப் பெருமை ஆகாது; சிறிய இடத்தில் எத்தனை பேர் இடிபடாமல் வாழ்கிறார்கள் என்பதே பெருமை.

மரத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. கூரையைத் தாங்க இங்கே மரக்கட்டைகளை அடுக்கி முட்டுக்கொடுப்பார்கள். அதற்காகவே இந்நாட்டில் யூகலிப்டஸும் வாட்டிலும் காடு காடாக நட்டார்கள். எஃகு வலுவானதுதான், ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் ஒடியும். மரம் முனகும். பாறை அமுங்குகிறபோது கட்டையிலிருந்து ஒரு கிறீச்சொலி வரும். பழைய ஆட்கள் அதைக் கேட்டதும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். பாறையே சில நேரம் பேசும், துப்பாக்கி வெடித்ததுபோல். தங்கவயலில் அதை ராக் பர்ஸ்ட் என்போம். ராத்திரியில் அலமாரிப் பாத்திரங்கள் ஆடினால் அம்மா எழுந்து விளக்கேற்றிவிடுவார். உங்கள் கிடையகத்தில் இசை என்றால் முதலில் கேட்கிற கலைதான். குழந்தைக்கு முதல் பாடம் காது. மேட்டகத்து மரமே இங்கே காவல் தெய்வம்; ஒவ்வொரு முட்டுக்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்கள், முனகி ஓய்ந்த கட்டையை எரிக்கமாட்டார்கள்.

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கக்காரர்களிடம் இதற்கு ஒரு கதை உண்டு. சுவருக்குள் சின்ன மனிதர்கள் இருந்து தட்டுகிறார்கள், பாறை விழப்போவதை எச்சரிக்கிறார்கள் என்பார்கள். தாங்கள் கொண்டுபோன பாஸ்டி என்ற பூரணம் வைத்த பண்டத்தின் ஓரத் துண்டை அந்தச் சின்னவர்களுக்கென்று போட்டுவிட்டு வருவார்கள். கீழே விசில் அடிக்கமாட்டார்கள். அதே கார்ன்வால்காரர்கள்தான் தங்கவயலுக்கும் வந்தார்கள், 1886இல் தங்கம் கண்டுபிடித்த பிறகு இந்த ஊருக்கும் வந்தார்கள். ஜெர்மன் சுரங்கக்காரர்கள் ஒரு நச்சுத் தாதுவைக் குட்டிச்சாத்தானின் வேலை என்று திட்டி வைத்த பெயர்தான் இன்றைக்குக் கோபால்ட். குள்ளர் கதைகள் பிறந்தது இப்படிக் காதை வைத்துக் கேட்டவர்களின் பயத்தில். அந்தப் பயத்தை விட்டுவிட்டுத் தாடியை மட்டும் எடுத்துக்கொண்டால் முகம் எப்படி வரும், சொல்லுங்கள்.

தாடி என்றதும் ஞாபகம் வருகிறது. தூசி உள்ள இடத்தில் வேலை செய்கிறவன் முகமூடி போட வேண்டும். தாடி இருந்தால் முகமூடி முகத்தோடு ஒட்டாது, ஓரத்தில் தூசி உள்ளே போகும். அந்தக் கல்தூசியால் வருவதுதான் சிலிகோசிஸ். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லாகிப்போகும். ஆகவே கீழே வேலையில் இருக்கிற குள்ளர்கள் எல்லோரும் மழித்த முகம். வேலையை விட்டு மேலே வந்தவர்கள்தான் தாடி வளர்க்கலாம். அந்த நாட்டில் ஒரு நீளத் தாடியைப் பார்த்தால் "பிழைத்து வந்தவர்" என்று எழுந்து வழிவிடுவார்கள். என் அப்பாவோடு வேலை செய்தவர்களில் அந்தத் தாடிக்கு வயது வந்தவர் குறைவு.

அனலகம் கடைசி நிலம். கார்ல்டன்வில் பக்கத்து எம்போனெங் உலகிலேயே ஆழமான சுரங்கம், தரையிலிருந்து ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். அங்கே பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். கையை வைத்தால் எடுத்துவிடுவீர்கள். குளிர்ந்த காற்றை ஊதினால் போதாதா என்று பலரும் கேட்பார்கள். போதாது. காற்று கீழே இறங்க இறங்க அதன் சொந்தப் பாரத்தில் அமுங்கித் தானே சூடாகும், கிலோமீட்டருக்கு ஏறக்குறைய பத்து டிகிரி. அதனால் மேலே பனிக்கட்டி செய்து, கூழ் பதத்தில் குழாயில் தினமும் ஆயிரக்கணக்கான டன் இறக்குகிறார்கள். என் வேலை அதைச் சுற்றியது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 32.5 டிகிரியைத் தாண்டினால் ஆட்களை வெளியே அனுப்பிவிட வேண்டும்.

உங்கள் பனிமலையையும் எரிமலையையும் இப்போது பாருங்கள். இரண்டும் இரண்டு திசையில் சும்மா நிற்க வேண்டாம். உச்சியில் பனி, அடியில் அனல், பனியை அடிவரை சுமந்து செல்வது ஒரு நாட்டின் முழுநேர வேலை. அனலகத்தில் பொன்னுக்கு மதிப்பில்லை, பனிக்கட்டிதான் நாணயம். அதைச் சேர்த்து வைக்க முடியாது, உருகுவதற்குள் ஒருவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். பணம் பதுக்கத் தெரியாத ஜனங்கள். கல்யாணத்தில் பெண்ணுக்குப் போடுவது நகை இல்லை, ஒரு மூச்சுக் குளிர்காற்று வீசும் குழாயின் பங்கு. இவர்கள் இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் மேலே யாரோ அனுப்பியது. ஆகவே அனலகத்தின் உரிப்பொருள் கடன். நன்றி என்ற சொல்லை அவர்கள் மொழியில் சூரியனைப் பார்த்திராத ஒருவன் எப்படிச் சொல்வான் என்று யோசித்துப் பாருங்கள், உங்களுக்கு நல்ல அத்தியாயம் கிடைக்கும்.

அந்த ஆழத்திலும் உயிர் உண்டு. 2.8 கிலோமீட்டர் ஆழத்தில் பாறை வெடிப்பு நீரில் ஒரே ஒரு வகை பாக்டீரியா தனியாக வாழ்வதை 2008இல் எழுதினார்கள். யுரேனியக் கதிர்வீச்சு தண்ணீரைப் பிளந்து கொடுக்கும் ஹைட்ரஜன்தான் அதற்குச் சோறு. இன்னொரு சுரங்கத்தில் நூறு கோடி வருடத்துக்கு மேல் வெளியே வராமல் அடைபட்டிருந்த நீரும் கிடைத்தது. உப்புக் கரிக்கும் அந்தப் பழைய நீரில் ஒரு சொட்டு, பிறந்த பிள்ளையின் நாவில் வைப்பார்கள் என்று எழுதலாம்.

ஆனால் பாக்டீரியாவைத் தின்று குள்ளர் பிழைக்க முடியாது. வெறும் காளானைத் தின்றே பிழைப்பார்கள் என்றும் போட்டுவிடாதீர்கள். காளான் வளர மட்கிய மரமோ சாணமோ வேண்டும், இரண்டும் வெயிலிலிருந்து வருபவை. சோற்றுக்கு மேட்டகத்தைத்தான் நம்ப வேண்டும். பழைய முட்டுக்கட்டைகளை எரிக்கமாட்டார்கள் என்றேனே, அவற்றின் மேல் காளான் வளர்க்கலாம். மேலிருந்து வரும் தானியத்தைக் கூழாகக் காய்ச்சுவார்கள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிப் பழகிய டர்பன் பிள்ளைகளுக்கு அதை விளக்க வேண்டாம்.

பொழுதுக்கு வருகிறேன். சூரியன் இல்லாத இடத்தில் முதற்பொருளில் பாதி காணாமல் போகிறது. எங்கள் ஊரில் யாரும் மணி பார்த்ததில்லை. சங்கு ஊதியது, இரண்டாம் சங்குக்கு முன் வந்துவிடு என்றுதான் பேச்சு. உங்கள் நாட்டில் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு சங்கு, ஒரு சுருதி. கீழ் நிலத்துச் சங்கு மேல் நிலத்துக்குக் கேட்பதற்குள் கொஞ்சம் நேரம் ஆகும். ஆகவே கயிற்றூரில் எப்போதும் இரண்டு விதமான நேரம்.

மொழிக்கு ஓர் எச்சரிக்கை. இங்கே சுரங்கங்களில் ஃபனகலோ என்று ஒரு கலப்பு மொழி இருந்தது. சொற்கள் பெரும்பாலும் ஜூலு, கொஞ்சம் ஆங்கிலம், கொஞ்சம் ஆஃப்ரிகான்ஸ். பல தேசத்துத் தொழிலாளிகளை ஒரு வாரத்தில் வேலைக்குத் தயாராக்க அது உதவியது. எடு, தூக்கு, நில், சீக்கிரம் எல்லாம் அதில் உண்டு. உன் மகனுக்கு இப்போது உடம்பு எப்படி என்று அதில் யாரும் யாரையும் கேட்டு நான் கேட்டதில்லை. ஏவுவதற்கென்று வளர்ந்த மொழி அது. வயதானவர்கள் பலருக்கு இன்றும் அதன்மேல் கசப்பு. உங்கள் குள்ளர்களுக்கு ஒரு பொது மொழி கொடுத்தால், ஏவுகிறவர் யார், ஏவப்படுகிறவர் யார் என்று முடிவு செய்துவிட்டுக் கொடுங்கள். தாலாட்டும் சண்டையும் வீட்டு மொழியில் இருக்கட்டும்.

ஆட்டமும் அப்படித்தான். ரப்பர் பூட்ஸைத் தரையில் மிதித்து, கையால் தட்டித் தாளம் போடும் கம்பூட் ஆட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். சுரங்கத் தொழிலாளர் விடுதிகளில் வளர்ந்தது. உங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று சொல்லும் தெருக்கூத்தும் கரும்புத் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர்கள் ராத்திரி முழுக்க ஆடியதுதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குள்ளர் ஆட்டம் எங்கிருந்து வரும் என்று தெரியும். கருவிக்குக் கல் இருக்கிறது. நெல்லையப்பர் கோயில் தூணைத் தட்டினால் சுரம் வருகிறதே, அந்த மாதிரிக் கல். தோல் பறைக்கு மாடு வேண்டும், மாட்டுக்குப் புல் வேண்டும். கீழே அது ஆகாது.

பெண்கள் எங்கே என்று உங்கள் கதையைப் படித்தபோது தேடினேன். குள்ளர் கதைகளில் எப்போதும் ஆண்களாகவே இருக்கிறார்கள். இந்த நாட்டில் சுரங்கங்களில் அது நிஜமாகவே நடந்தது. ஆண்களை மட்டும் விடுதியில் அடைத்து, மனைவி பிள்ளைகளை ஊரிலேயே விட்டுவர வைத்தார்கள். அது பண்பாடு இல்லை, கொடுமை. அதையே ஒரு நாட்டின் இயல்புபோல நீங்கள் எழுதிவிடக் கூடாது. தங்கவயலில் லைன் வீடுகளில் குடும்பம் இருந்தது, அதனால் கோயில் இருந்தது, பள்ளி இருந்தது, சண்டை இருந்தது. இன்னொன்று உங்கள் மாகாணத்துக் கதையே. 1913இல் ட்ரான்ஸ்வாலிலிருந்து போன தமிழ்ப் பெண்கள் நியூகாசிலில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசித்தான் வேலைநிறுத்தம் தொடங்கியது. அந்தப் போராட்டத்தில் சிறைக்குப் போன தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் இறந்தபோது வயது 16. உங்கள் வகுப்பில் மூத்த பிள்ளைகளின் வயது. குள்ளர் நாட்டில் கயிற்றை நிறுத்தும் அதிகாரம் ஒரு பெண்ணின் கையில் இருக்கட்டும்.

இறந்தவர்களையும் மறக்காதீர்கள். 1960 ஜனவரி 21 அன்று கோல்புரூக் நிலக்கரிச் சுரங்கம் இடிந்து 435 பேர் உள்ளேயே புதைந்து இறந்தார்கள். உடல்களை எடுக்க முடியவில்லை. இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட மக்கள் கல்லறைக்குப் போய்ப் பூ வைக்க முடியாது. காலடித் தரையே கல்லறை. ஆகவே கிடையகத்தார் எந்தக் கல்லையும் முதலில் மூன்று தட்டுத் தட்டி, பதில் வருகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் உளியை வைப்பார்கள்.

இங்கே எல்லாரும் பயப்படுகிற தொக்கொலோஷி என்ற குட்டிச்சாத்தானைச் சேர்க்கலாமா என்றும் யோசிப்பீர்கள். அது குட்டையானது என்று கட்டில் காலுக்குச் செங்கல் வைத்து உயர்த்துகிற வீடுகள் உண்டு. என் கருத்து, வேண்டாம். பக்கத்து வீட்டார் நிஜமாக நம்பி அஞ்சுகிற ஒன்றை எடுத்து நம் நாட்டுக் குடிமகன் ஆக்குவது சரியாகப் படவில்லை. நம்மிடமே குள்ளர்கள் நிறைய இருக்கிறார்கள். கொடைக்கானல் மலைப்பக்கம் பெருங்கற்காலத்துக் கல்திட்டைகளைக் குள்ளர் வீடு என்பார்கள். கோயில் கூரையின் கீழ் வரிசையாக வயிறு பெருத்து ஆடும் பூதகணங்கள் இருக்கின்றன. எல்லோருக்கும் மேலாக அகத்தியர், குறுமுனி. உங்கள் பிள்ளைகள் காவடி எடுப்பதைப் பார்த்து வளர்கிறவர்கள். இடும்பன் இரண்டு மலையைத் தோளில் தூக்கித் தெற்கே வந்தது யார் சொல்லி? அகத்தியர் சொல்லி. ஒரு குள்ள முனிவர் மலையையே இடம் மாற்றுகிறார். உங்கள் நாட்டின் தோற்றக் கதைக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. சிவகிரியும் சக்திகிரியும் பெயர்ந்து வந்தபோது, எடுத்த இடத்தில் விழுந்த பள்ளத்துக்குள் வாழப் போனவர்கள் உங்கள் குள்ளர்கள்.

கதையைக் கயிற்றூரில் தொடங்குங்கள். பத்து வயதுப் பெண் ஒருத்தி, முதுகில் சாக்கு சுற்றிய பனிக்கட்டி, முதல் கயிற்றிலிருந்து இறங்கி இரண்டாவது கயிற்றுக்கு ஓடுகிறாள். சொட்டு விழுந்துகொண்டே இருக்கிறது. அவள் எதற்காக இறங்குகிறாள் என்பதற்கு என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது.

1965இல் நியூட்ரினோ என்ற துகளைத் தேடி இரண்டு குழுக்கள் பூமிக்குள் இறங்கின. வானத்திலிருந்து வரும் மற்ற கதிர்களையெல்லாம் பாறை வடிகட்டிவிடும், இது மட்டும் பாறையையும் துளைத்து வரும். ஆகவே வானத்தின் இந்தத் துகளைக் காண உலகிலேயே ஆழமான குழி வேண்டும். ஒரு குழு இறங்கியது இங்கே, ஜோஹானஸ்பர்க்குக்குக் கிழக்கே பாக்ஸ்பர்க் பக்கத்துச் சுரங்கத்தில். இன்னொன்று எங்கள் சாம்பியன் ரீஃபில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில். அதே வருடம் இரண்டு இடத்திலும் அது தட்டுப்பட்டது. அப்பா அப்போது புதிதாகச் சேர்ந்திருந்தார். அந்தக் குழுவின் கருவிப் பெட்டிகளைக் கேஜிலிருந்து இறக்கிய ஆட்களில் அவரும் ஒருவர். என்ன பெட்டி என்று கேட்டதற்கு, வானத்தைப் பார்க்கிற பெட்டி என்று யாரோ சொன்னார்களாம். இங்கேயா, என்று விளக்கைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாராம்.

உங்கள் நாட்டில் நட்சத்திரம் பார்க்கிறவர்கள் அனலகத்தில் இருக்கட்டும். அவர்களின் கருவி சூட்டில் கெட்டுவிடக் கூடாது. அந்தப் பனிக்கட்டி அதற்காகத்தான் போகிறது.